கத்திரி வெயில்ல சோலார் கரண்ட் குறையுமா?

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்குது, மொட்டைமாடியில கால் வைக்க முடியல. அப்ப சோலார் பேனல் கரண்ட்டை அள்ளிக் கொட்டணும்ல? அதான் இல்ல மக்களே!

இன்னொரு கேள்வியும் இருக்கு: நாடே சோலாருக்கு மாறலாமா? நல்லதுன்னு பார்த்தா புகை இல்ல, நிலக்கரிச் செலவு இல்ல. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க. முதல்ல வெயிலுக்கு வருவோம்.

(திரையில்: பேனலின் பின்பக்க ஸ்டிக்கர்)

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதுக்கு ஆகாது. இந்த ஸ்டிக்கர்ல 550 வாட்னு இருக்கே, அது பேனலுக்குள்ள கரண்ட் தயாரிக்கிற செல்லை 25 டிகிரியில வச்சு அளந்தது. மதுரையில வெளிய 40 டிகிரின்னா செல் 65-ஐத் தொட்டுரும். 25-க்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீத கரண்ட் போகும். கூடுன 40 டிகிரிக்கு 14 சதவீதம் அவுட்! 550-ல மிஞ்சுறது 473 வாட். அதனால தகர ஷெட்டோட ஒட்டிப் படுக்க வைக்காதீங்க, அடியில காத்து போக ஒரு அடியாவது விடுங்க. கழுவுறதா இருந்தா விடியக்காலையில கழுவுங்க. உச்சி வெயில்ல பச்சத்தண்ணியை ஊத்தினா கண்ணாடி விரிசல் விடலாம். போர் தண்ணி உப்பா இருந்தா காய விடாம வைப்பர் போட்டு இழுத்துருங்க, இல்லைன்னா வெள்ளையா படிஞ்சு வெளிச்சத்தை மறைக்கும்.

பேட்டரி இல்லாத ஆன்-கிரிட்னா, அதாவது ஊர் கரண்ட் லைனோட சேர்த்த சோலார்னா, ஊர்ல கரண்ட் போனா உங்க சோலாரும் நின்னுரும். ஏமாத்திட்டாங்கன்னு கம்பெனிக்காரரோட மல்லுக்கு நிக்காதீங்க. கம்பத்துல ஏறுன லைன்மேனை உங்க மாடி கரண்ட் அடிச்சிரக் கூடாதுன்னுதான் இன்வெர்ட்டர் தானா அணையுது.

நாட்டுக்கு நிஜத் தலைவலி சாயங்காலம்தான். சூரியன் இறங்குற நேரத்துல டிவி, ஏசி எல்லாம் ஒண்ணா ஓடும். ஆடிக் காத்துல ஆரல்வாய்மொழியில கரண்ட் எடுக்குற காத்தாடி கைகொடுக்கும். பங்குனியில? பேட்டரி வேணும், அதுக்குப் பணம் வேணும்.

அப்புறம் நிலம். கமுதியில 2016-ல வந்த 648 மெகாவாட் சோலார் பிளான்ட்டுக்குச் சுமார் 2,500 ஏக்கர். அது வானம் பார்த்த பூமி, சரி. மேலூர் பக்கம் நெல் விளையுற வயல்ல போடுறேன்னா நான் ஒத்துக்க மாட்டேன். என் ஓட்டு மாடிக்குத்தான்.

ஆனா எல்லா மாடிக்கும் இல்ல. 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், 2 மாசத்துக்கு 240. நீங்க 2 மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள ஓட்டுறவங்கன்னா, அதுல 100 ஏற்கெனவே இலவசம், கடன் வாங்கிப் போடாதீங்க. 600-ஐத் தாண்டுறவங்க 3 கிலோவாட் போடலாம், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் இருக்கு. உங்க கடைசி பில்லுல எத்தனை யூனிட்? கமெண்ட்ல போடுங்க.