வைரலா, திட்டமா?

நடுவர் அவர்களே, திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம். "சிறு வணிகத்தை வளர்ப்பது வைரல் வீடியோவா, திட்டமிட்ட விளம்பரமா?" என்பது இன்றைய கேள்வி. திட்டமிட்ட விளம்பரமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு சான்றுகளை வைத்தார். முதலாவது ஓரியோ பிஸ்கட். 2013 பெப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தில் 34 நிமிடம் வெளிச்சம் போனது. "இருட்டிலும் தோய்த்துச் சாப்பிடலாம்" என்று ஓரியோ ஒரு படம் போட்டது, உலகமே பகிர்ந்தது, செலவே இல்லை என்றார். செலவு இல்லையா? எழுதுபவர், படம் செய்பவர், சரி சொல்லும் அதிகாரி என்று ஒரு குழுவே அன்றிரவு அந்த வேலைக்காகக் காத்திருந்தது. அதே ஆட்டத்தில் பெரும் பணம் கொடுத்துத் தொலைக்காட்சி விளம்பரமும் வாங்கியிருந்தார்கள். அது எங்கள் அணிக்கான சான்று, ஐயா!

இரண்டாவது, சவர பிளேடு விற்கும் அமெரிக்காவின் டொலர் ஷேவ் கிளப். 2012 மார்ச்சில் சுமார் 4,500 டொலர் செலவில் ஒரு வீடியோ, 48 மணித்தியாலத்தில் 12,000 ஓடர். உண்மை. ஆனால் வந்த கூட்டத்தில் அவர்களுடைய இணையத்தளமே விழுந்துபோனதையும் சொல்லியிருக்க வேண்டும். பிளேடு கெட்டுப்போகாது, கொரியாவிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கலாம். மாதாமாதம் பணம் கட்டும் சந்தா முறை முன்பே தயாராக இருந்தது. அதனால் தப்பினார்கள்.

இப்போது கிண்ணியாவுக்கு வாருங்கள். நாளுக்கு 60 சட்டி எருமைத் தயிர் உறைய வைக்கும் ஒரு வீடு என்று வையுங்கள். ஒரு வீடியோ ஓடி, ஒரே நாளில் 600 பேர் கேட்கிறார்கள். எருமை அன்றைக்கென்று கூடுதலாகக் கறக்காது. பால் காய்ச்சி, ஆற்றி, உறை ஊற்றி, இரவு முழுக்க வைத்தால்தான் தயிர். 540 பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினர் அந்தத் தயிரை வாயிலே வைக்காமலே பேஸ்புக் பக்கத்தில் மோசமாக எழுதிவிட்டுப் போவார்கள். அவசரத்தில் அரைகுறையாக உறைந்ததை விற்றாலோ, பல வருடமாக வாங்கும் ஆட்களும் போய்விடுவார்கள். பார்வைக் கணக்கு ஏறும், வீட்டின் பெயர் இறங்கும்.

திட்டம் என்பது இதுதான்: காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்ட வைக்கும் "பூஸ்ட்" பண்ணும்போது நாடு முழுவதையும் விட்டுவிடாதீர்கள். வரைபடத்தில் புள்ளி வைத்து, கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள். தயிருக்கு 25 கிலோமீற்றர் போதும். நிலாவெளி விடுதிக்காரருக்கு இது தலைகீழ். அவருடைய வாடிக்கையாளர் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறார், அங்கேதான் விளம்பரம் ஓட வேண்டும். அதுவும் எப்போது? இங்கே கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு புறாத்தீவு வீடியோ வைரலானால், சனம் வந்து கொந்தளிக்கும் கடலைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டு போகும். அந்த வீடியோவில் யாராவது பவளப்பாறையில் ஏறி நின்றிருந்தால் கதை இன்னும் மோசம். புறாத்தீவு ஒரு தேசியப் பூங்கா. மிதித்தால் பவளம் முறியும், பார்த்தவரெல்லாம் வந்து அதையே செய்வார்கள்.

ஒவ்வொரு விளம்பரத்தின் வாட்சப் பொத்தானிலும், அழுத்துபவர் அனுப்பத் தயாராக வரும் முதல் வரியை வேறு வேறாக எழுதி வையுங்கள். எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார் என்பது அந்த வரியிலேயே தெரியும். வாரக் கடைசியில் செலவழித்த ரூபாவை உறுதியான ஓடர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். லைக்கை எண்ணி ஆவது ஒன்றுமில்லை.

இலவசத்தால் கவிழ்ந்தவர்களையும் பார்ப்போம். 1992 இல், சமூக வலைத்தளம் எதுவும் இல்லாத காலத்தில், பிரித்தானியாவில் ஹூவர் நிறுவனம் 100 பவுணுக்குப் பொருள் வாங்கினால் இரண்டு விமானச் சீட்டு இலவசம் என்று அறிவித்தது. படிவம் நிரப்பும் சிரமத்தில் பலர் விட்டுவிடுவார்கள் என்று நம்பியது. அந்த நம்பிக்கை பொய்த்தது! நட்டம் கிட்டத்தட்ட 5 கோடி பவுண். நம் ஊரில் "இறால் கொத்து ஒன்றுக்கு ஒன்று இலவசம்" என்று போடுகிறவர் எத்தனை பிளேட், எந்த நாள், எத்தனை மணி வரை, கடையில் இருந்து சாப்பிடுவோருக்கு மட்டுமா என்ற நான்கையும் படத்திலேயே எழுத வேண்டும். "உங்கள் பக்கத்தில் ஷெயார் பண்ணினால் பரிசு" என்று போடவே கூடாது, பேஸ்புக் விதியே அதைத் தடுக்கிறது. வியாபாரக் கணக்கில் சினிமாப் பாட்டைப் போட்டால் ஒலி வெட்டுப்படலாம். வணிகத்துக்கென்று தரும் இசையை எடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது நாள் பார்க்காமல் போடும் பதிவு. 2017 இல் அடிடாஸ், பொஸ்டன் மரதன் ஓடியவர்களுக்கு "பிழைத்துவிட்டீர்கள், வாழ்த்துகள்" என்று மின்னஞ்சல் அனுப்பியது. 2013 இல் அதே ஓட்டத்தில் குண்டு வெடித்து உயிர்கள் போனதை அனுப்பியவர் நினைக்கவில்லை. இங்கே சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 அன்று "தள்ளுபடி அலை" என்று ஒரு கடை போட்டால்? மூதூரிலும் கிண்ணியாவிலும் அன்று இறந்தவர்களை நினைத்துக் கலங்கும் வீடுகள் எத்தனை! முன்கூட்டி நேரம் குறித்து வைத்த பதிவுகளை, அப்படியான நாட்கள் வருமுன் ஒரு ஆள் திறந்து வாசிக்க வேண்டும்.

அதையும் மீறிப் பிழை நடந்துவிட்டால், முதலில் காசு ஓடும் விளம்பரத்தை நிறுத்துங்கள், பிறகு வரிசையில் இருக்கும் பதிவுகளை. அதன் பின் அதே பக்கத்தில் என்ன பிழை என்று எழுதுங்கள். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று தொடங்க வேண்டாம். பெப்சி 2017 ஏப்ரலில், ஆர்ப்பாட்டத்தை விளையாட்டாகக் காட்டிய விளம்பரத்தை மறுநாளே எடுத்து, குறி தவறிவிட்டோம் என்று நேரடியாகச் சொன்னது.

வீடியோ வைரலான இரவில் வாட்சப்பில் வந்து குவியும் கேள்விகளுக்கு இருந்து பதில் எழுதப்போகிறவர் யார், மறுநாள் பொருள் எங்கிருந்து வரும் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவையில் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.