சாஃப்ட்வேரைத் திறக்கிறதுக்கு முன்னால ஒரு அறையை அளங்க | கட்டடக்கலை முதல் பாடம்

[காட்சி: பால்மரக் காட்டு ஓரத்துல பழைய லயத்து வரிசை. கையில டேப்பும் நோட்டும்.]

வணக்கம். கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தவங்க என்கிட்ட முதல்ல கேட்கிறது, எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்? ஸ்கெட்ச்அப்பா, ரெவிட்டா? அதெல்லாம் போகப்போகக் கைக்கு வந்துடும். இப்ப வேண்டியது 5 மீட்டர் டேப், ஒரு 2பி பென்சில், உங்களுக்கு நல்லாப் பழக்கமான ஒரு அறை.

நான் எடுத்துக்கிட்டது மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல எங்க பாட்டி குடியிருந்த லயத்து வீட்டோட முன் அறை. லயம்னா தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகள். 3 மீட்டருக்கு 3.6 மீட்டர். 1:50 ஸ்கேல்ல, அதாவது நிஜ அளவுல 50-ல ஒரு பங்கா வரைஞ்சா 6 சென்டிமீட்டருக்கு 7.2. உள்ளங்கை அகலம்தான். பாட்டி 4 பிள்ளைகளை வளர்த்த இடம் அவ்வளவுதான் வந்துச்சு.

[காட்சி: நோட்டுல பிளான். ஜன்னல் பெரிசாகுது.]

இப்ப ஜன்னல். 60 சென்டிமீட்டர் அகலம், 90 உயரம். அதாவது 0.54 சதுர மீட்டர். நம்ம நாட்டுல 1984-ல வந்த கட்டட விதி, யூ.பி.பி.எல்.னு சொல்வாங்க, குடியிருக்கிற அறைக்கு ஒரு கணக்கு வச்சிருக்கு. தரைப் பரப்புல 10 விழுக்காடு அளவுக்காவது ஜன்னல் இருக்கணும், காத்து தடையில்லாம வர 5 விழுக்காடாவது திறக்கணும். இந்த அறை 10.8 சதுர மீட்டர். அப்ப ஜன்னல் 1.08 இருக்கணும். இருக்கிறது சரியாப் பாதி.

இதைக் கணக்குப் போட்ட அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பாட்டி சாயங்காலமானா முறத்தைத் தூக்கிக்கிட்டு வாசப்படிக்கு வந்துடுவாங்க. அரிசியில கல்லு பொறுக்கிறது, கிழிஞ்ச சட்டை தைக்கிறது, எல்லாம் அங்கதான். பக்கத்து வீட்டு அக்காகூடப் பேசத்தான் உட்கார்றாங்கன்னு சின்ன வயசுல நினைச்சேன். வாசல் கிழக்கே பார்த்தது. 3 மணிக்கு மேல அங்க நிழலும் இருக்கும், வெளிச்சமும் இருக்கும். அறைக்குள்ள கல்லு கண்ணுக்குத் தெரியாது. மனுஷங்க எங்க உட்கார்றாங்கன்னு கவனிங்க, அந்தக் கட்டடத்துல எது குறைன்னு தெரிஞ்சுடும்.

[காட்சி: வீட்டைக் கத்தியால நெடுக்க வெட்டின மாதிரி படம்.]

அடுத்து செக்‌ஷன். கட்டடத்தை நெடுக்க வெட்டிப் பக்கவாட்டுல பார்க்கிற படம். புதுசா வர்ற மாணவர்கள் மேலயிருந்து பார்க்கிற பிளானை அழகா வரைவாங்க, செக்‌ஷனைக் கடைசி ராத்திரி அவசரமாப் போடுவாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம். வெயில், மழை, காத்து, சத்தம் எல்லாம் செக்‌ஷன்லதான் பிடிபடும்.

பாருங்க, ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கிற சுவர் 2.4 மீட்டரோட நின்னுடுது. அதுக்கு மேல கூரை வரைக்கும் வெறும் இடைவெளி. பிளான்ல இது ரெண்டு வீடு. செக்‌ஷன்ல ஒரே வீடு. அந்த வீட்டுல இருமினா இந்த வீட்டுல கேட்கும். ஆனா தகரத்துக்கு அடியில சேர்ற சூடு நகர்றதுக்கும் அந்த இடைவெளிதான் வழி. சுவரை மேல வரைக்கும் கட்டினா பேச்சு வெளிய போகாது, அறை வெந்துடும். எதைக் குடுத்து எதை வாங்குறோம்னு முடிவு பண்றதுக்குப் பேர்தான் டிசைன்.

சூடு மேலயிருந்து வர்றதுக்குக் காரணம் இருக்கு. சுங்கை சிப்புட் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில இருக்கு. வருஷம் பூரா நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில நிக்கும். கூரை வாங்குற வெயில் எந்தச் சுவரும் வாங்காது. அடுத்தபடியா கிழக்கு, மேற்குச் சுவர். அதனால இங்க வீடு வரையும்போது நீளமான பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும்.

[காட்சி: டவுன் கடை வரிசை, அஞ்சடி.]

டவுனுக்குப் போனா அஞ்சடியில, அதாவது கடைங்களுக்கு முன்னால இருக்கிற கூரை போட்ட நடைபாதையில, கொஞ்ச நேரம் நில்லுங்க. 1822-ல பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்டப்ப, வீடுகளுக்கு முன்னால கூரை போட்ட நடைபாதை விடாமத் தொடரணும்னு சொன்னார். அந்த வழக்கம் மலாயா பட்டணங்களுக்கும் வந்துச்சு. உள்ளயும் இல்லாம வெளியவும் இல்லாம ஒரு இடம். பாட்டியோட வாசப்படியும் அப்படித்தான்.

டவுன்ல படிக்கட்டைப் பார்த்தா அதையும் அளக்க மறக்காதீங்க. அதே யூ.பி.பி.எல். விதிப்படி படி உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, கால் வைக்கிற அகலம் 255-க்குக் குறையக்கூடாது.

[காட்சி: பிஸ்கட் பெட்டி அட்டை, கத்தரிக்கோல், கைப்பேசி டார்ச்.]

இனி உங்க வேலை. இதே அறையை 1:20-ல அட்டையில செய்யுங்க, 15-க்கு 18 சென்டிமீட்டர் வரும். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால சமையக்கட்டு. புது ஜன்னலுக்கு இடம் கிடையாது. வெளிச்சம் கூரை வழியாத்தான் வரணும், மழை உள்ள வரக்கூடாது. கூரையில ஒரு துண்டை மட்டும் உயர்த்தி, அதோட பக்கவாட்டைத் திறந்து விடலாம். டார்ச்சைக் காலை 8 மணி, நடுப்பகல், மாலை 4 மணிச் சூரியன் மாதிரி பிடிச்சு, வெளிச்சம் விழுற இடத்தைத் தரையில பென்சிலால குறிங்க.

என் முதல் மாடல்ல வெளிச்சம் முழுக்க சாமி படத்து மேல விழுந்துச்சு, முறம் வைக்கிற இடம் இருட்டாவே இருந்துச்சு. கூரைத் திறப்பை 4 சென்டிமீட்டர் முன்னால தள்ளி, அட்டையை மறுபடியும் வெட்டினேன்.