நடுக்கடலில் இரண்டு பேர்

(தருமபுரியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, உட்கார இடமில்லாமல் வாசலில் நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஒகேனக்கல் நமக்குப் பக்கம். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து, பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறிவிட்டது என்றால் என்ன நடக்கும்? மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். ஓட்டிகள் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளம் வடியட்டும் என்று காத்திருப்பார்கள். ஆனால் கரையே கண்ணில் படாத இடத்தில், ஒரு சின்னப் பாய்மரப் படகில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும்போது கடல் கொந்தளித்தால் என்ன செய்வது? படகையே வீடாக்கிக்கொண்டு கடல் கடந்தவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவன். ஆள்பலம் உண்டு, பெரிய இயந்திரம் உண்டு. அப்படிப்பட்ட கப்பலிலேயே, காற்று முற்றிவிட்டால் பிடித்த கம்பியை விட்ட மறுகணம் எதிர்ச்சுவரில் போய் விழுவோம். சோற்றுத் தட்டைப் பார்த்தாலே குமட்டும். முப்பது நாற்பது அடிப் படகில் இரண்டு பேர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்ற வியப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை.

மைல்ஸ் ஸ்மீட்டன், பெரில் ஸ்மீட்டன் என்று ஒரு தம்பதி. அவர்கள் படகின் பெயர் ட்சூ ஹாங், 46 அடி நீளம். 1956 டிசம்பரில் மெல்போர்னிலிருந்து கிளம்பி, தென் அமெரிக்காவின் கடைக்கோடியான கேப் ஹார்னைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். ஜான் கஸ்வெல் என்ற நண்பரும் கூட இருந்தார். தச்சு வேலை தெரிந்தவர். 1957 பிப்ரவரி 14. ஆண்கள் இருவரும் உள்ளே இருக்கிறார்கள், சுக்கான் பெரிலின் கையில். வேகத்தைக் குறைக்கப் பின்னால் கனத்த கயிற்றை இழுத்துக்கொண்டு, அலை போகும் திசையிலேயே போகிறது படகு. அப்போது வந்த ஓர் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கி, தலைகுப்புறக் குட்டிக்கரணம் போட வைத்துவிட்டது. பெரிலின் இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு அறுந்து, அவர் கடலில் கிடந்தார். இரண்டு பாய்மரங்களும் போய்விட்டன. அறையின் கூரை பெயர்ந்து, படகுக்குள் வெள்ளம். அடிபட்ட உடம்போடு நீந்தி, முறிந்து மிதந்த மரத்தின் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு படகருகே வந்தார் அந்த அம்மா. ஆண்கள் இருவரும் அவரை மேலே இழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு அவர் படுத்துக்கொள்ளவில்லை. மூவருமாக வாளியால் தண்ணீரை இறைத்தார்கள். கஸ்வெல் பலகையும் பாய்த்துணியும் வைத்து ஓட்டையை மூடினார், கிடைத்த கட்டையில் சின்னப் பாய்மரம் செய்தார். அப்படியே தட்டுத்தடுமாறி சிலி நாட்டுக் கரோனல் துறைமுகத்தை அடைந்தார்கள்.

படகைச் சரிசெய்துகொண்டு அதே ஆண்டு டிசம்பரில் கணவனும் மனைவியும் மட்டும் மறுபடி கிளம்பினார்கள். இம்முறை புயல் வந்தபோது பாயை எல்லாம் இறக்கிவிட்டு, படகைச் சும்மா மிதக்கவிட்டார்கள். அலை அதைப் பக்கவாட்டில் உருட்டியது. பாய்மரங்கள் மறுபடியும் போயின. திரும்பவும் சிலிக்கே வந்தார்கள். கடைசியில் 1968இல், எதிர்த் திசையில், கேப் ஹார்னைச் சுற்றியே விட்டார்கள்.

ஓடிப் பார்த்தார்கள், சும்மா கிடந்து பார்த்தார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. லின் பார்டி, லாரி பார்டி தம்பதி அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இயந்திரமே இல்லாத படகுகளில் உலகம் சுற்றியவர்கள். லின் ஐந்தடிக்கும் குறைவான உயரம். கொந்தளிப்பு மிஞ்சும்போது பாயைக் குறைத்து, பாயும் சுக்கானும் ஒன்றை ஒன்று எதிர்க்கும்படி கட்டிவிட வேண்டும். படகு காற்றுக்குச் சாய்வாக முகம் காட்டி, முன்னே போகாமல், மெல்லப் பக்கவாட்டில் நகரும். அப்படி நகரும்போது அடிப்பாகம் தண்ணீரைக் கலக்கி, அலை வரும் பக்கத்தில் வழவழப்பான ஒரு சுழிப்பட்டையை விட்டுச்செல்லும். வரும் அலை அந்தப் பட்டையில் ஏறியதும் அதன் சீற்றம் தணியும். காற்று இன்னும் கடுமையானால், முகப்புப் பக்கத்துக் கயிற்றில் பாராசூட் போன்ற கடல் நங்கூரத்தைத் தண்ணீருக்குள் விரித்துப் படகைப் பிடித்து நிறுத்துவார்கள்.

பாயைக் குறைக்கலாமா என்று மனசுக்குத் தோன்றிய நிமிடமே குறைத்துவிட வேண்டும். சுடுநீர், சோறு எல்லாம் கடல் அமைதியாக இருக்கும்போதே பிளாஸ்க்கில் போய்விட வேண்டும். கதவைத் தாண்டுவதற்கு முன்பே இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். முறை வைத்துத் தூங்க வேண்டும், ஏனென்றால் தூக்கம் கெட்டவன் எடுக்கும் முடிவு புயலைவிட மோசம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ராத்திரி ஒருவர் தூங்க, மற்றவர் தனியாகப் படகைப் பார்க்கிறார். கணவன் தவறிக் கடலில் விழுந்தால், நாலைந்து அலை தாண்டியதும் தலை கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் மனைவிக்குப் படகைத் திருப்பத் தெரிய வேண்டும், பாயை இறக்கத் தெரிய வேண்டும், வானொலியில் இருக்கும் இடத்தைச் சொல்லி உதவி கேட்கத் தெரிய வேண்டும். அவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று சமையலறையோடு நின்றுவிட்ட மனைவி இருக்கும் படகில் உண்மையில் ஒரே ஒரு மாலுமிதான் இருக்கிறார்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் கதை என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடி பாய்மரப் படகில் இரண்டு பெண்கள் புறப்பட்டார்கள். கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா. தில்னா கோழிக்கோட்டுக்காரர். ரூபா அழகிரிசாமி நம் புதுச்சேரிப் பெண். இருவர் மட்டுமே மாறி மாறிச் சுக்கான் பிடித்து, கேப் ஹார்னையும் சுற்றி, 2025 மே மாதம் கோவா வந்து சேர்ந்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கமும் அரூர் பக்கமும் பையன்களுக்கு இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்குகிறோம். பெண் பிள்ளை எட்டிப் பார்த்தாலே, "ஏய், கிட்டப் போகாத" என்று அதட்டுகிறோம். ஏரியில் தம்பி தவறி விழுந்தால் கரையில் நின்று கத்தத்தான் அவளுக்குத் தெரியும். நீச்சல் தெரியாமலே காப்பாற்றக் குதித்து, அவளும் சேர்ந்து போன செய்திகளை நாம் படிக்காமல் இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

வருகிற கோடை விடுமுறையில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஏற்பாடு செய்வோம். சொல்லிக்கொடுக்கப் பெண்கள் வேண்டும். படிக்கட்டு வைத்த நல்ல கிணறு வேண்டும். நீச்சல் தெரிந்த அக்காமார்களும் கிணறு தரக்கூடியவர்களும் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், இன்றே பெயர் எழுதிக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.