கரிச் சுரங்கத்திலிருந்து சட்டமன்றத்துக்கு: ராபர்ட் டன்ஸ்மியூர்

[திரையில்: வான்கூவர் தீவின் வரைபடம். நனைமோ மீது ஒரு கறுப்புப் புள்ளி]

1882-ஆம் வருடம். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவில், நனைமோ என்ற நிலக்கரி ஊர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண சட்டமன்றத்துக்கு அங்கிருந்து ஜெயித்துப் போனவர் ராபர்ட் டன்ஸ்மியூர். தொகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கூலி கொடுத்தவர் அவர். வீடு கொடுத்தவரும் அவர். அவருடைய சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களுக்கு ஓட்டே கிடையாது. அந்த மண்ணின் பழங்குடி மக்களுக்கும் கிடையாது. 1870-களிலேயே மாகாணச் சட்டம் அவர்கள் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

இந்த மனிதர் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. 1825-ல் ஸ்காட்லாந்தின் ஹர்ல்ஃபோர்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். 1850-ன் கடைசியில் உறவினர் பாய்ட் கில்மரோடு, ஹட்சன் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் ஒப்பந்தச் சுரங்கத் தொழிலாளியாகக் கப்பலேறினார். கூடவே கர்ப்பிணி மனைவி ஜோன். 1851-ல் கரை சேர்ந்த இடத்தில், தீவை எட்டும் முன்பே, மகன் ஜேம்ஸ் பிறந்தான். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

1855-ல் உடன் வேலை செய்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டன்ஸ்மியூர் சேரவில்லை. கைவிடப்பட்ட குழி ஒன்றில் தன் பொறுப்பில் கரி வெட்டிக்கொள்ள கம்பெனி அவருக்கு உரிமம் கொடுத்தது. அவர் வாழ்க்கை திரும்பிய இடம் இது என்றே நான் நினைக்கிறேன்.

[திரையில்: பாறைக்குள் ஓடும் கரிப் படலம்]

1869-ல் நனைமோவுக்கு வடக்கே, காட்டுக்குள், வெலிங்டன் கரிப் படலத்தைக் கண்டுபிடித்தார். மீன் பிடிக்கப் போன இடத்தில் தற்செயலாகத் தட்டுப்பட்டது என்று ஒரு கதை உண்டு. 18 வருடம் அந்தத் தீவின் பாறைகளோடு பழகிய கண்ணுக்கு அது வெறும் அதிர்ஷ்டமாக இருந்திருக்காது. கையில் முதல் போதவில்லை. கடற்படை அதிகாரிகளைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் டிக்கிள். டன்ஸ்மியூர், டிக்கிள் கம்பெனி உருவானது. கரி சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. 1883-ல் டிக்கிளின் பங்கையும் வாங்கிவிட்டார்.

நடுவில் 1877. கூலித் தகராறில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒருகாலத்தில் தானும் மண்ணுக்கடியில் கரி வெட்டிய மனிதர் இறங்கி வரவில்லை. மாகாணத் தலைநகர் விக்டோரியாவிலிருந்து ராணுவப் படை வந்தது. அதன் காவலில், குடும்பங்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். இதைச் செய்தவரைத்தான் ஐந்தே வருடத்தில் அதே தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

[திரையில்: எஸ்குவிமால்ட்டிலிருந்து நனைமோ வரை நீளும் ரயில் தடம்]

அடுத்து ரயில். விக்டோரியாவை ஒட்டிய எஸ்குவிமால்ட்டிலிருந்து நனைமோ வரை ரயில் பாதை அமைக்க டன்ஸ்மியூரும் கலிஃபோர்னியாவின் ரயில் முதலாளிகள் சிலரும் கை கோத்தார்கள். பாதை போட்டதற்கு அரசு கொடுத்தது 7,50,000 டாலர். அதோடு ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் நிலம், அடியில் கிடந்த நிலக்கரி உட்பட. தீவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! 1886 ஆகஸ்ட் 13 அன்று கடைசி ஆணியை அடிக்க கனடாவின் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டே வந்தார். அடுத்த வருடம் டன்ஸ்மியூர் மாகாண நிர்வாகக் குழுவின், அதாவது அமைச்சரவையின், தலைவர் பதவியில் அமர்ந்தார்.

1888 ஜனவரி 24. வெலிங்டனில் சுரங்கம் வெடித்தது. 77 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேல் சீனத் தொழிலாளர்கள். அந்தக் காலத்தில் இப்படி வெடிக்கும்போதெல்லாம் பழியும் அவர்கள் மேல்தான் விழுந்தது.

விக்டோரியாவில் குன்றின் மேல் 39 அறைகளோடு கிரெய்க்டாரக் மாளிகையைக் கட்ட ஆரம்பித்திருந்தார். 1889 ஏப்ரலில் இறந்துபோனார். மாளிகை முடிந்தது 1890-ல். சொத்து முழுவதும் ஜோனுக்கு. மகன்கள் தாயோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். ஜேம்ஸ், 1900-ல் மாகாணத்தின் முதல்வரானார்.

[திரையில்: தீவின் கிழக்குக் கரைக் காடு]

ஆனால் அந்த 20 லட்சம் ஏக்கர்? அதற்குள்தான் ஹுல்குமினும் மொழி பேசும் பழங்குடி மக்களின் பூர்வீக நிலத்தில் பெரும்பகுதி இருந்தது. அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை, ஈடும் கொடுக்கவில்லை. கை மாறி கை மாறி அந்தக் காடுகள் இன்று பெரும்பாலும் தனியார் மரக் கம்பெனிகளிடம் இருக்கின்றன. 2007-ல் அந்த மக்கள் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுத்தார்கள். 2009-ல் ஆணையம் மனுவை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது.