சுண்ணாம்பு காப்பாற்றிய சித்திரம்

நேயர்களுக்கு வணக்கம். நாகப்பட்டினம் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக வீடு கட்டித் தருகிறவன் நான். போன ஆண்டு, மகள் வேலை பார்க்கும் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்குப் போயிருந்தேன். "அப்பா, உங்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது" என்று கூட்டிப்போனாள்.

முழுக்க டைல்ஸ். 1509-இல் ராணி லியோனோர் நிறுவிய கன்னியர் மடம்தான் இப்போது தேசிய அசுலேஜு அருங்காட்சியகம். அசுலேஜு என்பது சித்திரம் தீட்டிய சுவர்ப் பீங்கான் கல். பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது. ஒரு கல் பதினான்கு சென்டிமீட்டர் சதுரம், ஒரு சாண்கூட இல்லை. சுட்ட மண்ணில் வெள்ளைப் பூச்சு பூசி, அது காய்ந்ததும் வண்ணம் தீட்டி, மறுபடி சூளையில் வைக்கிறார்கள். தூரிகை பட்டதும் பூச்சு நிறத்தை உறிஞ்சிவிடும். கை தவறினால் தவறியதுதான்.

மாடியில் இருபத்து மூன்று மீட்டர் நீளத்துக்கு நீலச் சித்திரம்: 1700 வாக்கிலிருந்த லிஸ்பன். ஆறு, கப்பல்கள், அரண்மனை, தேவாலயங்கள். 1755 நவம்பர் 1 பூகம்பத்தில் பாதி ஊர் போய்விட்டது. எல்லோரும் ஊரைப் பார்த்தார்கள். நான் கற்களின் விளிம்பைப் பார்த்தேன். அது முதலில் ஒரு மாளிகைச் சுவரில் இருந்ததாம். பெயர்த்திருக்கிறார்கள், உடையாமல்! நம் ஆட்களிடம் பத்து டைல்ஸ் எடுக்கச் சொன்னால் ஒன்பது சில்லாகத்தான் வரும்.

ரகசியம் சாந்தில் இருக்கிறது. பழைய கற்கள் சுண்ணாம்பில் பதித்தவை. சுண்ணாம்பு விட்டுக்கொடுக்கும், சிமெண்டு கல்லையும் சேர்த்து இழுக்கும். 1834-இல் போர்ச்சுகலில் துறவற மடங்களைக் கலைத்தபோது எத்தனையோ சுவர்ச் சித்திரங்கள் இடம் மாறின. சிமெண்டில் பதித்திருந்தால் குப்பைமேடுதான் மிஞ்சியிருக்கும். அங்கும் உப்புப் பூத்துப் பூச்சு உரிவதுண்டு என்றபோது, உப்புக்காற்று வாங்கும் நம் ஊர்ச் சுவர்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஊர் திரும்பிய பிறகு, பழைய வீடு ஒன்றை இடிக்கும் வேலை வந்தது. திண்ணையில் பூப்போட்ட பீங்கான் கற்கள் நாற்பது. "கடப்பாரை வேண்டாம், உளி எடுங்கள்" என்றேன். மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுண்ணாம்பில் இருந்த முப்பத்து நான்கும் முழுசாக வந்தன. பின்னாளில் யாரோ சிமெண்டு வைத்து ஒட்டிய ஆறும் நொறுங்கின. அந்த ஆறில் இரண்டை ஒட்டியவன் நான்தான். இருபது வருடத்துக்கு முன்பு, அதே வீட்டில், பழுதுபார்க்கக் கூப்பிட்டபோது.