செத்தவன் சொல்லும் போர்க்கதை: ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’

[திரை: கிரேக்கக் கிண்ணத்தில் தீட்டிய ஓவியம்]

சுமார் 2,500 ஆண்டுப் பழைய மதுக்கிண்ணம் இது, பெர்லினில் இருக்கிறது. கைக்குக் கட்டுப்போடுகிறவன் ட்ராய் போரின் கிரேக்க மாவீரன் அக்கிலீஸ். வலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் அவனுடைய உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸ்.

இவர்கள் காதலர்களா? அந்தப் போரைப் பாடும் ஹோமரின் காவியம் ‘இலியட்’ வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் காதலைப் பற்றிய பிளேட்டோவின் உரையாடல் நூலான ‘சிம்போசிய’த்திலேயே இருவரில் யார் யாரைக் காதலித்தவர் என்று விவாதம் நடக்கிறது. அதனால் மேடலின் மில்லர் 2011-இல் ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’ நாவலில் இவர்களைக் காதலர்களாக எழுதியதைப் புதுக்காலத்துத் திணிப்பு என்று சொன்னால் எடுபடாது.

அவருடைய துணிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. கதையைச் சொல்வது பாட்ரோக்ளஸ். இலியடின் 24 காண்டங்களில் 16-ஆவதிலேயே அவன் செத்துப்போகிறான். நாவலில் அதற்குப் பிறகும் அவன் குரல் நிற்பதில்லை. (கதையை உடைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள், இந்தச் சாவு உலகத்துக்கே தெரிந்ததுதான்.)

[திரை: பெலியோன் மலை]

பாதிக்குதிரை ஆசான் கைரோன், மகன் அக்கிலீஸின் காதலனைக் கண்டாலே ஆகாத கடல்தேவதை தீட்டிஸ் என்று மாயத்துக்குக் குறைவில்லை. அப்புறம் ட்ராய் வருகிறது. அங்கே பாட்ரோக்ளஸ் பெரும்பாலும் மருத்துவக் கூடாரத்தில்தான் இருக்கிறான். அக்கிலீஸின் புகழ் வளர்வதை நாம் பார்ப்பது காயங்களின் பக்கத்திலிருந்து. பாட்ரோக்ளஸ் சிறுவனாக இருந்தபோது சண்டையில் இன்னொரு சிறுவன் இவன் கையால் இறந்தான். அந்தச் சாவு கனவில் வந்து இவனை விடுவதில்லை.

பாஸ்டனில் வியட்நாம் போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994-இல் ‘அக்கிலீஸ் இன் வியட்நாம்’ என்று ஒரு நூல் எழுதினார். தலைவன் செய்த துரோகம், உயிர்த்தோழனின் சாவு, அதன்பின் கண்மண் தெரியாத வெறி. நோயாளிகளிடம் கேட்ட இந்த வரிசையை அவர் இலியடிலும் கண்டார். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன், அக்கிலீஸுக்குப் பரிசாகக் கிடைத்த சிறைப்பெண் பிரைசிஸைப் பறிக்கிறான், பாட்ரோக்ளஸ் விழுகிறான், அக்கிலீஸ் அவனைக் கொன்ற ட்ராய் இளவரசன் ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான், பாட்ரோக்ளஸின் சிதையருகே 12 ட்ரோஜன் இளைஞர்களை வெட்டுகிறான்.

ஹோமரில் இதை வெளியிலிருந்து பார்க்கிறோம். மில்லரிடம் பார்ப்பது பாட்ரோக்ளஸின் ஆவி. தன் பெயரால் நடக்கும் கொலைகளை அவனால் தடுக்க முடியாது. நாவல் நம்மை உள்ளே இழுத்துப்போடுவது இந்த இடத்தில்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஹோமரின் பாட்ரோக்ளஸ் இவ்வளவு சாது இல்லை. 16-ஆம் காண்டத்தில் மூன்று முறை பாய்ந்து, ஒவ்வொரு முறையும் ஒன்பது பேரைக் கொல்கிறான். நாவலும் கடைசியில் அவனைக் களத்தில் இறக்குகிறதுதான், ஆனால் அதுவரை மருத்துவனாகவே காட்டி அவனை நேசிப்பதை நமக்கு ரொம்பச் சுலபமாக்கிவிடுகிறது. நாவலை முடித்த கையோடு அந்த ஒரு காண்டத்தை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.