ஸ்காலர்ஷிப் காசு எங்கதான் போச்சு? குடைக்கடையில மாட்டுன கதை!

வணக்கம் மக்களே! மொட்டமாடி, அதே தண்ணி டேங்க், அதே நான். பின்னாடி காயிறது அப்பா வேட்டி. காத்தடிச்சா ஃப்ரேமுக்குள்ள வந்துட்டுப் போகும், கண்டுக்காதீங்க.

காசு கெடச்சிருச்சு! 2,600 ரூபா. "இதுக்கா இம்புட்டுக் கூத்து"ன்னு கேக்குறவுங்க இப்பவே வேற வீடியோவுக்குப் போயிருங்க, ஏன்னா இன்னிக்குப் பூராம் இதத்தான் பேசப் போறேன். பதினோரு நாளு அலைஞ்சிருக்கேன். அலைஞ்சவளுக்குப் பேச உரிமை உண்டு.

புதுசா வந்தவுங்களுக்கு மட்டும் வெரசா சொல்லிர்றேன். நான் மேலூர் பக்கம், மதுரையில லா படிக்கிறேன், அஞ்சு வருஷக் கோர்ஸ்ல மூணாவது வருஷம். எனக்கு வர்றது போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், அதாவது பத்தாவதுக்கு மேல படிக்கிறவுங்களுக்குக் கவர்மென்ட்டு குடுக்குறது. எஸ்.சி. பிள்ளைகளுக்கு, வீட்டு வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா கெடைக்கும். படிப்ப வச்சுக் குரூப் பிரிச்சிருக்காங்க, எங்க எல்.எல்.பி. இதுல ரெண்டாவது குரூப். ஹாஸ்டல்ல இருந்தா வருஷத்துக்கு 9,500, வீட்டுலருந்து பஸ்ல வந்து போனா 6,500. ஃபீஸு அது தனி, எங்க காலேஜ்ல அது சொற்பம், அத விட்டுட்டுக் கணக்குச் சொல்றேன். இந்த 6,500 ஒரே தடவையா வராது. மாநிலப் பங்கு 40 சதவீதம் மொதல்ல, மத்தியப் பங்கு 60 சதவீதம் பின்னாடி. 2021-லருந்து இப்படித்தான். அதாவது மொதல்ல 2,600, அப்பறம் 3,900. சரியா?

இப்ப கதை. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் மெசேஜ் வந்திருச்சு. பின் பெஞ்சு குரூப்பு அன்னிக்கே ஜிகர்தண்டா குடிக்கப் போயிருச்சு. என்னையும் கூப்பிட்டாய்ங்க. அக்கவுன்ட்டப் பாத்தா 212 ரூபா. போன மாசமும் 212, இந்த மாசமும் 212. ஸ்காலர்ஷிப் போர்டல்ல போயிப் பாத்தா "பணம் செலுத்தப்பட்டது"ன்னு இருக்கு. யாருக்குடா செலுத்துனீங்க?

பேங்குக்குப் போனேன். எந்தப் பேங்குன்னு கமென்ட்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். மொத நாளு "சர்வர் இல்ல". ரெண்டாவது நாளு டோக்கன் முடிஞ்சிருச்சு. மூணாவது நாளு கவுன்ட்டர்ல இருந்த சாரு கம்ப்யூட்டரப் பாத்துட்டு "ஆதார் லிங்க் ஆயிருக்கேம்மா, எங்க பக்கம் ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாரு. நானும் சரிங்க சார்னு வந்துட்டேன். அங்கதான் தப்புப் பண்ணேன்.

லிங்க் ஆகுறது வேற, சீடிங் ஆகுறது வேற மக்களே! ஆதார நீங்க பத்து அக்கவுன்ட்டுல கூட லிங்க் பண்ணலாம், அது அந்தப் பேங்குக்கு உங்கள அடையாளம் தெரியுறதுக்கு. ஆனா கவர்மென்ட்டு காசு ஆதார் நம்பர வச்சு அனுப்புறப்ப அது ஒரே ஒரு பேங்குக்குத்தான் போகும். எந்தப் பேங்குன்னு என்.பி.சி.ஐ.யில, அதான் பேங்குகளுக்கு நடுவுல காசு போய் வர்றதப் பாத்துக்கிற அமைப்பு, அங்க ஒரு பதிவு இருக்கு. அந்தப் பதிவுல ஏத்துறதுதான் சீடிங். கடைசியா நீங்க எந்தப் பேங்குல சம்மதம் குடுத்தீங்களோ அந்தப் பேரு அதுல இருக்கும். நீங்க ஸ்காலர்ஷிப் ஃபாரத்துல எழுதிக் குடுத்த அக்கவுன்ட் நம்பர அது திரும்பிக்கூடப் பாக்காது.

இத எனக்குச் சொன்னது பேங்கும் இல்ல, ஆபீசும் இல்ல. மாட்டுத்தாவணியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்க அண்ணேன். "போன எடு பாப்பா, ஸ்டார் 99 ஸ்டார் 99 ஸ்டார் 1 ஹேஷ் அடி. ஆதார் நம்பரப் போடு"ன்னாரு. போட்டேன். வந்துச்சு பாருங்க ஒரு பேங்கு பேரு, என் வாழ்க்கையில நான் அந்த வாசப்படிய மிதிச்சதே இல்ல.

ரெண்டு நிமிசம் முழிச்சேன். அப்பறம்தான் பொறி தட்டுச்சு. குடைக்கடை!

போன சித்திரையில, பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய பெரிய குடையப் போட்டு ரெண்டு பேரு உக்காந்திருந்தாய்ங்க. சிம் கார்டு ஃப்ரீ, கூட ஒரு அக்கவுன்ட்டும் ஃப்ரீ, ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஃப்ரீ. வெயில்னா வெயிலு. குடை நெழல்ல நிக்கிறதுக்காகவே நின்னேன்னு கூடச் சொல்லலாம். பெருவெரல வையிக்கான்னாய்ங்க, வச்சேன். இன்னொரு தடவ வையிக்கான்னாய்ங்க, வச்சேன். ரெண்டாவது தடவ வச்சதுதான் சம்மதம். நானு, கான்ட்ராக்ட் சட்டத்துல 71 மார்க் வாங்குனவ, "சுதந்திரமான சம்மதம்"னா என்னன்னு நாலு பக்கம் எழுதுனவ, ஒரு டம்ளருக்கு வெரல் வச்சிருக்கேன். அந்த டம்ளரும் இப்ப ஓட்ட.

காசு அந்தக் குடைக்கடை அக்கவுன்ட்டுலதான் கெடக்கு, எடுக்கணும்னா ஓ.டி.பி. வேணும். அந்தச் சிம்மு தம்பிகிட்ட இருக்கு, அவன் திருப்பூர்ல. ஓ.டி.பி. அங்க போகுது. அவனுக்கு நைட்டு ஷிஃப்ட்டு, பகல்ல தூங்குறான், எந்திரிச்சு எனக்கு நம்பரச் சொல்றதுக்குள்ள ஓ.டி.பி. செத்துருது. நாலு தடவ செத்துச்சு. சரி, கைரேகை வச்சு எடுத்துருவோம்னு ஒரு கடைக்குப் போனா, "எடுத்துத் தர்றேன், 50 ரூபா"ங்குறாய்ங்க. எதுக்கு 50? என் காசு, என் வெரலு, உனக்கு என்னத்துக்கு 50? "எல்லாரும் குடுக்குறாங்கம்மா." நான் குடுக்க மாட்டேன்னுட்டு வெளிய வந்துட்டேன். வெளிய வந்தப்பறம் பயம், வேற கடை இருக்குமா இருக்காதான்னு. அரை கிலோமீட்டர் நடந்தேன். இன்னொரு கடையில ஒரு அம்மா. காசே வேணாம்னாங்க. மெஷின் என் ரேகைய எடுக்கல, மூணு தடவ எடுக்கல. "வெரல தலையில நல்லாத் தேச்சுட்டு வையிம்மா, எண்ணெப் பசை இருந்தாத்தான் புடிக்கும்." தேச்சேன், வச்சேன், பச்ச லைட்டு. 2,600! முழுசா! 50 ரூபா மிச்சம்! அந்த 50 ரூபாய்க்கு ஜிகர்தண்டா குடிச்சேன். அவய்ங்க குரூப்பாப் போயிக் குடிச்சத விட, நான் தனியாக் குடிச்சதுதான் ருசி, சொல்லிப்புட்டேன்.

அய்யோ, ஒண்ணு விட்டுப்போச்சு. வருமானச் சான்று. அது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், வருஷா வருஷம் புதுசா வாங்கணும். சாதிச் சான்று மாதிரி ஒரு தடவ வாங்கி லேமினேட் பண்ணி வச்சுக்கிற கதை கெடையாது. இ-சேவையில 60 ரூபா. 60! ஒரு பிரவுசிங் சென்டர்ல 150 வாங்குறாய்ங்க, கேட்டா "சர்வீஸு"ங்குறாய்ங்க. ஸ்காலர்ஷிப் வாங்குற பிள்ளைககிட்டயே வழி நெடுக ஆளாளுக்குப் புடுங்குனா கடைசியில என்ன மிஞ்சும்?

இப்ப அந்தக் கமென்ட்டுக்கு வர்றேன். போன வீடியோவுக்குக் கீழ ஒருத்தரு எழுதியிருந்தாரு, "ஓசியில படிக்கிறீங்க, உங்களுக்கென்ன." சரிங்க சார். 6,500-அ பன்னெண்டால வகுத்தா மாசத்துக்கு 541 ரூபா சொச்சம். அதுல நான் என்ன வாங்குறேன்னு பாருங்க. இந்தா... இது தெரியுதா? ஃபோகஸ் ஆகு, ஆகு. இது ஐ.பி.சி. பேர் ஆக்ட், அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டம், வெளக்கம் இல்லாம சட்டம் மட்டும் அச்சடிச்ச புத்தகம். ஒரு சீனியர் அக்கா குடுத்தாங்க. ஓரமெல்லாம் பென்சில்ல குறிப்பு எழுதி, தங்கம் மாதிரி வச்சிருந்தாங்க. நம்ம மாதிரிப் பிள்ளைக படிச்சதே இப்படித்தான், ஒரே புத்தகம் அஞ்சாறு கை மாறும். 2024 ஜூலை 1-ஆம் தேதி சட்டமே மாறிருச்சு. கொலைக்கு இருந்த 302 இப்ப 103. மோசடிக்கு இருந்த 420 இப்ப 318-ல நாலாவது உட்பிரிவு. தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம், மூணும் புதுசு. மூணும் புதுசா வாங்கணும். பழசத் தூக்கியும் போட முடியாது, அதுக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்குப் பழைய சட்டந்தான். காசு உள்ளவனுக்கு இது ஒரு சாயங்கால வேல. எனக்கு மூணு மாச ஸ்காலர்ஷிப். யாராச்சும் இதக் கணக்குல எடுத்தாங்களா?

அப்பாகிட்ட இதப் பத்திப் பேசுறப்ப அம்பேத்கர் கதையச் சொன்னேன். 1913-ல பரோடா மகாராஜா சாயாஜிராவ் அவருக்கு மாசம் பதினொன்றரை பவுண்டு, மூணு வருஷத்துக்குன்னு குடுத்துத்தான் அவரு அமெரிக்காவுல கொலம்பியாவுக்குப் போனாருன்னேன். அப்பா பதறிட்டாரு. "மாசம் பதினொன்றரை பவுனாத்தா?" நகைக்கடைப் பவுன் இல்லப்பா, வெள்ளக்காரன் பவுண்டுன்னு வெளக்குறதுக்குள்ள அம்மா உள்ளருந்து "அதுல ஒரு பவுனு வந்தாக்கூட வளவிய மீட்டுருவேன்"ங்குது.

இன்னொரு வயித்தெரிச்சலும் சொல்லிர்றேன். என் தங்கச்சி ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட்டு ஸ்கூல். அவளுக்குப் புதுமைப்பெண்ல, அதான் கவர்மென்ட்டு ஸ்கூல்ல படிச்சுட்டுக் காலேஜ் போற பொண்ணுகளுக்கான திட்டம், அதுல மாசம் 1,000 வருது, அதுவும் மத்த ஸ்காலர்ஷிப்போட சேத்தே வாங்கலாம். நான் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மட்டும் தனியார் ஸ்கூலு. அப்பா கடன வாங்கிச் சேத்தாரு, நல்லா வரட்டும்னு. அந்த ரெண்டு வருஷத்தால புதுமைப்பெண்ணும் போச்சு, கவர்மென்ட்டு ஸ்கூல் பிள்ளைகளுக்குக் காலேஜ் சீட்டுல குடுக்குற 7.5 சதவீத ஒதுக்கீடும் போச்சு. அந்த ஒதுக்கீடு டாக்டருக்கு மட்டும்னு நெனச்சுட்டு இருக்காதீங்க. 2021 சட்டத்துல லாவும் இருக்கு, சீட்டு கெடச்சா ஃபீஸும் கவர்மென்ட்டு கட்டும். வீட்டுல எட்டாவது ஒம்பதாவது படிக்கிற பிள்ளைக இருந்தா ஸ்கூல் மாத்துறதுக்கு முன்னாடி ஒருக்கா யோசிங்க. அப்பாகிட்ட இத நான் சொல்லல. நீங்களும் கமென்ட்ல சொல்லாதீங்க, அவரு பாக்குறாரு.

கிளாட் பத்தி, அதான் நேஷனல் லா யுனிவர்சிட்டியில சேர்றதுக்கான நுழைவுத் தேர்வு, ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. அப்ளிகேஷனே 4,000, எஸ்.சி., எஸ்.டி.க்கு 3,500. எனக்குத் தல சுத்திருச்சு, நான் எழுதல. ஆனா இடியான்னு ஒரு அமைப்பு இருக்கு, பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல ஆரம்பிச்சது. இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுத்து, நேஷனல் லா யுனிவர்சிட்டியில சேந்தா படிக்கவும் உதவுறாங்க. ஆரம்பிச்சவரு 2019-ல போயிச் சேந்துட்டாரு, அமைப்பு நிக்குது. ப்ளஸ் ஒன் படிக்கிறப்பவே தேடிப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சப்ப நான் செகண்ட் இயரு.

படிச்சு முடிச்சப்பறம் என்னன்னு கமென்ட்ல ஒரு ஒத்தக்கடைத் தங்கச்சி கேட்டுச்சுல்ல? ஒத்தக்கடைன்னதும் ஞாபகம் வருது, எங்க பஸ்ஸு யானைமலையத் தாண்டுனதும் ஹைகோர்ட்டு கிளை வரும். 2004 ஜூலை 24-ல தொறந்தது. எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. தெனமும் சன்னல் வழியாப் பாப்பேன், பாத்துட்டு அந்த கேட்டுக்குள்ள போறதுக்கு எம்புட்டுச் செலவாகும்னு கணக்குப் போடுவேன். கணக்கு கொஞ்சம் கொறஞ்சிருக்கு. வக்கீலாப் பதிவு பண்ண ஒவ்வொரு மாநிலத்துலயும் பதினைஞ்சாயிரம், நாப்பதாயிரம்னு வாங்கிட்டு இருந்தாங்க. 2024 ஜூலை 30-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, சட்டத்துல 750 தான் இருக்கு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 தான், அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு. 125 ரூபா! அன்னிக்கு நான் கேன்டீன்ல கத்துன கத்துல வடைக்காரண்ணேன் திரும்பிப் பாத்தாரு. அதே வருஷம் மெட்ராஸ் ஹைகோர்ட்டு, ஜூனியர் வக்கீலுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் 20,000, மத்த ஊருல 15,000 சீனியர் குடுக்கணும்னு சொல்லிருக்கு. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க ஜூனியரா இருக்காங்க. கேட்டீங்களான்னேன். "கேட்டா நாளைலருந்து வராதம்பாக"ன்னு சிரிச்சாங்க. சிரிப்புதான், ஆனா அவுங்க மதியச் சாப்பாட்டக் கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்து சாப்புடுறாங்க.

இருங்க, அம்மா கூப்புடுது. ...வர்றேம்மா!

சரி, 3,900 இன்னும் வரல. அது குடைக்கடை அக்கவுன்ட்டுக்குப் போயிறக் கூடாதுன்னு, எட்டு நாளைக்கு முன்னாடியே பழைய பேங்குல சீடிங் ஃபாரம் எழுதிக் குடுத்திருக்கேன். வாங்கிக்கிட்டதுக்கு நகல்ல சீல் போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன், சாருக்குக் கோவம். இப்ப உங்க முன்னாடியே அடிக்கிறேன், மாறிருச்சான்னு பாப்போம். எல்லா சிம்முலயும் இது வேல செய்யாது, அப்படின்னா ஆதார் தளத்துல போயிப் பாக்கலாம், ஓ.டி.பி. மட்டும் ஆதார்ல குடுத்த நம்பருக்கு வரும். ஸ்டார் 99... ஸ்டார் 99... ஸ்டார் 1... ஹேஷ். கைய வச்சு மறச்சுக்கிறேன், நம்பரு தெரியக் கூடாது. ஒண்ணு அமுக்கு, உறுதிப்படுத்து... வருது வருது...

அட போங்கடா. குடைக்கடைதான் வருது.

நாளைக்குக் காலையில மொத டோக்கன் நாந்தான். சீல் போட்ட நகல் அந்தப் பச்ச ஃபைல்லதான்... அம்மா! என் பச்ச ஃபைலப் பாத்தியா?